கூலிக்கு எழுதிய கை

கலைக்காக எழுதுகிறவன் கூலிக்கு எழுதமாட்டான் என்றும், கூலிக்கு எழுதுகிறவன் கலைஞன் ஆகமாட்டான் என்றும் நம்மவரிடையே ஓர் அபிப்பிராயம் நெடுங்காலமாக நிலவி வருகின்றது. மரம் சீவுகிறவனுக்குக் கூலி உண்டு. மண்வெட்டி பிடிப்பவனுக்குக் கூலி உண்டு. கோயில் மணி அடிப்பவருக்கும் ஏதோ ஒரு படி உண்டு. எழுதுகிறவன் ஒருவன் மட்டும் கூலி என்று வாய் திறந்தால், அவனுடைய எழுத்திற்கே மாசு வந்துவிட்டதாகக் கருதுகின்றோம். இக்கருத்து எவ்வளவு தூரம் உண்மை என்பதைச் சரித்திரத்தைக் கொண்டு சற்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் நம்முடைய அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகின்றோம். நாம் பேராக் மாநிலத்துத் தோட்டமொன்றில் கிராணி உத்தியோகம் பார்த்து வருகின்றோம். நம் பாட்டனார் பால்மரம் சீவிய மண்ணில் இன்று செம்பனை நிற்கின்றது. ஆங்கிலம் வழியாகப் படித்தோமாதலின், தமிழ் நமக்குப் பள்ளியிற் கிட்டியதைவிட, பாட்டனார் லயத்து வாசலில் உட்கார்ந்து உரக்க வாசித்த பத்திரிகையிலிருந்தே மிகுதியும் கிட்டிற்று. சில ஆண்டுகட்கு முன் ஈப்போவில் ஜவுளி வியாபாரி ஒருவர் தீபாவளி விளம்பரத் தாளுக்குத் தமிழ் வாசகம் எழுதித் தரும்படி கேட்டார். ஒரு மாலை வேளையில் எழுதி முடித்தோம். மறுநாளே அறுபது வெள்ளியைக் கையில் வைத்தார். அதே சமயத்தில், மூன்று மாதம் உழைத்து எழுதிய நமது கதையொன்று ஒரு மலரில் வெளிவந்தது. வெளியீட்டு விழாவில் நமக்குப் பொன்னாடை போர்த்தினர். விழா முடிந்ததும், மலரில் பத்துப் பிரதிகளை நாமே விலை கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்றனர். வாங்கினோம். விளம்பரம் எழுதியதை நண்பர்களிடம் மறைத்தோம். பொன்னாடைப் படத்தைச் சுவரில் மாட்டினோம். எதை மறைக்க வேண்டும், எதை மாட்ட வேண்டும் என்பதில் தவறிவிட்டோமோ என்ற ஐயம் அன்று எழுந்தது; இன்றும் நீங்கவில்லை.

நிற்க. புலவர்கள் பொருளை வேண்டாதிருந்தார்கள் என்பது முதற்கண் சரித்திரத்திற்கே ஒவ்வாத கூற்று. சங்க காலத்துப் புலவர் பரிசிலை வெளிப்படையாகவே கேட்டனர். ஆயின், அதைக் கேட்பதிலும் பெறுவதிலும் அவர்களுக்கு ஒரு மானம் இருந்தது. பெருஞ்சித்திரனார் அதியமான் நெடுமான் அஞ்சியை நாடிச் சென்றபோது, அவன் நேரிற் காணாமலே பரிசிலை அனுப்பி வைத்தான். புலவர் அதைத் தொட மறுத்துவிட்டார். பரிசில் வேண்டாம் என்பது அவர் கருத்தன்று. தம் தகுதியை அறியாமல் விட்டெறியும் பொருள் வேண்டாம் என்பதே அவர் கருத்து. இதைப் புறநானூறு நமக்கு அறிவிக்கின்றது.

மேல்நாட்டுச் சரித்திரமும் இதற்கு மாறானதன்று. ஆங்கில அகராதி செய்த டாக்டர் ஜான்சன் எந்தப் பிரபுவின் நிழலிலும் ஒதுங்காமல், புத்தக வியாபாரிகளிடம் பேசிய கூலிக்கு எழுதிப் பிழைத்தவர். அகராதித் திட்டத்தை 1747இல் செஸ்டர்பீல்டு பிரபுவிற்கு முன்வைத்தார், பிரபு கவனிக்கவில்லை. ஆண்டுகள் பல கழித்து 1755இல் நூல் வெளிவரும் தறுவாயில் பிரபு வலிய வந்து புகழ்ந்தபோது, காலங்கடந்த அந்த ஆதரவு தமக்கு வேண்டியதில்லை என்று அவர் எழுதிய கடிதம் உலகப் பிரசித்தி பெற்றது. அவரே 1759இல் தம் அன்னையாரின் ஈமச் செலவிற்காக, ஒரு வாரத்து மாலை வேளைகளில் ‘ராசெலாஸ்’ என்ற கதையை எழுதி விற்றார். அவசரத்தில், கூலிக்கு எழுதிய அந்நூல் இரண்டரை நூற்றாண்டுகள் கடந்தும் வாசிக்கப்பட்டு வருகின்றது. ஆகவே, காசு தொட்ட எழுத்தெல்லாம் கெட்டுவிடும் என்பது வெறும் பேச்சேயாகும்.

இனி நம் காலத்திற்கு வருவோம். அரசரும் ஜமீன்தாரும் போன பின்னர்த் தமிழ் எழுத்தாளனுக்குக் கூலி கொடுக்க வந்தவை பத்திரிகை, பதிப்பகம், சினிமா ஆகிய மூன்றுமே. இம்மூன்றையும் நம்பி வாழ்ந்தவர்களுள் முதன்மையானவர் புதுமைப்பித்தன் ஆவார். 1906இல் பிறந்த அவர், ‘தினமணி’யின் ஆசிரியர் குழுவில் பல ஆண்டுகள் உழைத்தார், முசோலினி, ஹிட்லர் ஆகியோரைப் பற்றிக் காலத்துக்கேற்ற நூல்கள் எழுதினார், மொழிபெயர்த்தார், சினிமாவுக்கு வசனம் எழுதினார், தாமே படமெடுக்கவும் முயன்று அதில் கைப்பொருளை இழந்தார். ‘ராஜமுக்தி’ படத்துக்காகப் புனாவுக்குச் சென்றவர் காசநோயோடு திரும்பி, 1948 ஜூன் 30ஆம் நாள் திருவனந்தபுரத்தில் காலமானார். வயது 42. இத்தனைக்கும் நடுவேதான், தமிழ்ச் சிறுகதைக்கு அளவுகோலாக நிற்கும் அவருடைய கதைகள் எழுதப்பட்டன.

அவரைப்பற்றித் தமிழர் பலரும் அறிவர். ஆனால், நம்முடைய மலாயா மண்ணோடு நேரே தொடர்புடைய மற்றொருவரின் வாழ்க்கையே இங்கு நமக்கு முக்கியமானது. அவர்தாம் கு. அழகிரிசாமி அவர்கள்.

கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவல் என்னும் சிற்றூரில் 1923ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் அவர் பிறந்தார். எழுத்தாளர் கி. ராஜநாராயணன் அதே ஊரினர், இளமைத் தோழர். அழகிரிசாமி முதலில் பார்த்தது சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை; அதாவது நம்மைப்போல் ஒரு கிராணி வேலை. பத்திரம் நகலெடுக்கும் மேசையில் ஆயுள் முழுதும் அமர்ந்திருக்கலாம். மாதச் சம்பளமும் முடிவில் உபகாரச் சம்பளமும் உண்டு. அவர் அதை உதறிவிட்டுச் சென்னைக்குச் சென்றார். ‘ஆனந்த போதினி’, ‘பிரசண்ட விகடன்’, ‘தமிழ்மணி’, வை. கோவிந்தன் நடத்திய ‘சக்தி’ என்று பத்திரிகைகள் பலவற்றில் அடுத்தடுத்து உழைத்தார். பகலெல்லாம் பிறர் எழுத்தைத் திருத்துவதும், மெய்ப்புப் பார்ப்பதும், மொழிபெயர்ப்பதும் தொழில். எஞ்சிய நேரத்தில் கதை. தீபாவளி இரவில் ஏழைத் தாயொருத்தி அனாதைச் சிறுவன் ஒருவனைத் தன் பிள்ளைகளோடு சேர்த்துக்கொள்ளும் ‘ராஜா வந்திருக்கிறார்’ என்ற கதை, பத்திரிகைக் கூலியாகத் திரிந்த இந்தக் காலத்தில்தான் பிறந்தது.

1952இல் அவர் கப்பலேறி நம் நாட்டிற்கு வந்தார். கோலாலம்பூரில் ‘தமிழ் நேசன்’ பத்திரிகையின் ஆசிரியர் குழுவில் சேர்ந்தார். அந்நாளைய நிலையை வாசகர்கள் சற்று நினைவு கூர்தல் வேண்டும். 1948 ஜூன் 16ஆம் நாள் நமது சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுடப்பட்டு இறந்ததையடுத்துப் பிரகடனமான அவசரகாலம் 1960 வரை நீங்கவில்லை. தோட்டங்களைச் சுற்றி முள்வேலி, இரவில் ஊரடங்கு. அத்தகைய நாளில் லயத்துத் தமிழனுக்கு வெளியுலகத்தைக் காட்டிய சாளரம் பத்திரிகை ஒன்றே. ஒருவர் வாங்க, பத்துப் பேர் கூடிக் கேட்பர்.

கேட்டவர்களோடு நில்லாமல், எழுத முன்வந்தவர்களும் பலராயினர். அழகிரிசாமி வருவதற்கு முன்பே, சுப. நாராயணன், பைரோஜி நாராயணன் இருவரும் 1950இல் ‘தமிழ் நேச’னில் ‘கதை வகுப்பு’ ஒன்றைத் தொடங்கி, கதை எழுதும் முறையைப் பாடம் பாடமாகக் கற்பித்திருந்தனர். அவ்வாறு உழப்பட்ட நிலத்தில் வந்து சேர்ந்தார் அழகிரிசாமி. தரத்தில் அவர் கண்டிப்பானவர். போதாத கதையை முகத்தாட்சணியத்திற்காக அவர் அச்சேற்றவில்லை. இதனாற் சிலருக்கு மனவருத்தமும் உண்டாயிற்று. ஆயினும், கோலாலம்பூரில் இலக்கிய வட்டம் கூட்டி, இளையோர் எழுதியவற்றை அவர்களோடு அமர்ந்து படித்து, குறையும் நிறையும் காட்டினார். நம் நாட்டுச் சிறுகதை பின்னர் அடைந்த வளர்ச்சியில் அவ்வைந்தாண்டு உழைப்புக்குப் பங்குண்டு என்பதை நம் இலக்கிய வரலாறு ஒப்புக்கொள்கின்றது. இந்நாட்டில் இருந்த காலத்திலேயே அவர் திருமணமும் செய்துகொண்டார். 1957இல் தமிழகம் திரும்பினார்.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. அவரை இந்நாட்டிற்கு வரவழைத்தது சம்பளம். அச்சம்பளம் எங்கிருந்து வந்தது? தோட்டத்திலும் பட்டணத்திலும் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கிய தமிழரிடமிருந்து வந்தது. பால்வாளி சுமந்த கை கொடுத்த சில்லறை, ஓர் உயர்ந்த எழுத்தாளரை ஐந்தாண்டுகள் நம்மிடையே வாழவைத்தது. அவ்வுத்தியோகம் இல்லையாயின் கண்டிப்பும் இல்லை, கற்பித்தலும் இல்லை, இலக்கிய வட்டமும் இல்லை. கூலி இங்கே கலைக்குக் கேடு செய்யவில்லை. கலையை நம் வாசலுக்கே கொண்டுவந்து சேர்த்தது.

தமிழகம் திரும்பிய பின்னரும் அவருடைய கை ஓயவில்லை. 1960 முதல் 1965 வரை ‘நவசக்தி’யில் பணி. அதற்குப் பின் பெரிதும் எழுத்தையே நம்பிய வாழ்க்கை. சிறுகதை, நாவல், நாடகம், கட்டுரை, குழந்தைகட்கான கதை, கார்க்கியின் எழுத்துக்களின் மொழிபெயர்ப்பு, அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்துப் பதிப்பு என்று அவர் தொடாத துறை அரிது. இவற்றுள் எது வயிற்றுக்கு, எது மனத்துக்கு என்று கோடு கிழிக்க முயல்வது வீண். 1970இல் ‘சோவியத் நாடு’ பத்திரிகையில் மீண்டும் ஒரு சம்பள வேலை கிடைத்தது. ஆனால், அவ்வாண்டு ஜூலை 5ஆம் நாள், தம் 46ஆம் வயதில் காலமானார். அவருடைய ‘அன்பளிப்பு’ என்ற கதைத் தொகுதிக்குச் சாகித்திய அக்காதெமிப் பரிசு அவர் மறைந்த பின்னரே வந்தது. இருந்தபோது தேடி வராத பரிசு இறந்தபின் வருவது தமிழருக்குப் புதிதன்று.

இதைக் கண்டு சிலர், “அவர் பத்திரிகை வேலையில் தேய்ந்திராவிட்டால் இன்னும் எத்தனையோ நல்ல கதைகள் எழுதியிருப்பாரன்றோ?” என்று கேட்கலாம். இதில் நியாயம் இல்லாமலில்லை. மெய்ப்புத் தாளில் கழிந்த பகல்களை எவரும் திருப்பித் தர இயலாது. கூலி எழுத்து மனிதனைக் களைப்படையச் செய்யும். நாமும் பெரட்டு முடித்து, செக்ரோல் எழுதி மூடிய பின்னர், இரவில் ஒரு பக்கம் எழுதப் படும்பாட்டை அறிவோம். ஆனால், இக்கேள்வியைக் கேட்பவர்கள் அதன் மறுபாதியையும் கேட்க வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்து நாற்காலியிலேயே அவர் இருந்திருந்தால் களைப்பு நீங்கியிருக்குமா? தொழிலும் கலையும் ஒரே மொழியில் நடந்தமையால், ஒன்றில் தேய்ந்த கை மற்றொன்றிற் கூர்மையும் பெற்றது என்றே நாம் கருதுகின்றோம். அவரைச் சோர்வித்தது கூலி வாங்கியதன்று. வாங்கிய கூலி போதாமையும், நிலையாமையுமே.

இதிலே நம் நாட்டுப் பத்திரிகைச் சரித்திரம் ஒரு வியப்பையும் காட்டுகின்றது. 1941இல் கிள்ளான் பகுதித் தோட்டத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டு நடத்திய வேலைநிறுத்தத்திற்குத் தலைமை தாங்கிய ஆர். எச். நாதன், ‘தமிழ் நேசன்’ அலுவலகத்தில் பணி செய்தவர். அதற்காக அவர் சிறைப்பட்டு நாடு கடத்தப்பட்டார். மரம் சீவுவோனின் கூலிக்காக நாடு கடத்தப்படவும் துணிந்த பேனா நம்மிடையே இருந்தது. ஆனால், பேனா பிடிப்போனின் கூலிக்காக நாம் ஒரு கூட்டமேனும் கூட்டியதுண்டா? கதைக்கும் கவிதைக்கும் சன்மானம் கேட்பது பேராசை என்றே நாளது வரை பேசி வருகின்றோம். 1924இல் தோன்றிய ‘தமிழ் நேசன்’ 2019 ஜனவரி 31ஆம் நாளோடு நின்றது. அன்று வருந்தாதவர் இல்லை. வருந்திய நம்மில் எத்தனை பேர் அதைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தோம் என்பதை நாமே நம் நெஞ்சைக் கேட்டுக்கொள்வோமாக.

‘அன்பளிப்பு’ என்னும் கதையை வாசகர்கள் படித்திருக்கலாம். பத்திரிகையில் பணி செய்யும் ஒருவரிடம் அண்டை வீட்டுப் பிள்ளைகள் புத்தகம் கேட்டு வந்து கூடுவர். புத்தாண்டில் அவர் மற்றப் பிள்ளைகளுக்கு டைரி பரிசளிக்கிறார். சாரங்கன் என்னும் சிறுவனை மறந்துவிடுகிறார். அவனோ தானே ஒரு டைரியைக் கொண்டுவந்து நீட்டி, தனக்கு அன்பளிப்பு என்று அதில் எழுதித் தரும்படி கேட்கிறான். பத்திரிகைத் தொழிலில் உழன்றவரின் அன்றாட வாழ்விலிருந்தே அக்கதை எழுந்தது என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. பத்துப் பிரதிகளைத் தாமே விலைக்கு வாங்கிக்கொண்டு பொன்னாடைக்குத் தலை குனியும் நம் எழுத்தாளர் ஒவ்வொருவரும் அந்தச் சாரங்கனே. தம் கைப்பொருளைத் தாமே கொண்டுவந்து, அதை அன்பளிப்பு என்று எழுதித் தருமாறு நம்மை வேண்டி நிற்கின்றனர்.

ஆதலின், தோட்டத்திலும் பட்டணத்திலும் உள்ள தமிழ்த் தோழர்களுக்கு நாம் கூறுவது இதுவே. விழாவிற்குப் போங்கள், கைதட்டுங்கள், ஆனால், திரும்பும்போது ஒரு புத்தகத்தை விலை கொடுத்து வாங்கிக்கொண்டு வாருங்கள். சங்கத் தலைவர்கள் பொன்னாடைக்கு ஒதுக்கும் தொகையை எழுதியவன் கையில் உறையிலிட்டுக் கொடுக்கட்டும். எழுத்தாளரும் கூலி கேட்க நாணவேண்டியதில்லை. பெருஞ்சித்திரனார் நாணவில்லை, ஜான்சன் நாணவில்லை. நாமும் நம் வீட்டுச் சுவரிலிருந்த அந்தப் பொன்னாடைப் படத்தைக் கழற்றிவிட்டோம். அவ்விடத்தில் இப்பொழுது தொங்குவது, மூலையில் நம் தமிழைத் தாங்கிய ஒரு ஜவுளிக்கடையின் தீபாவளித் தாள்.