நரம்பு தளர்ந்த கதை

ஷென்ஜிங் ஷுவாய்ருவோ. சீனாவில் எழுபது, எண்பதைக் கடந்தவர்களில் இந்தப் பெயரைக் கேள்விப்படாதவர் அரிது. தூக்கமில்லை, தலை பாரமாக இருக்கிறது, படித்தது நிற்கவில்லை, தொட்டதற்கெல்லாம் எரிச்சல் என்று போனால் மருத்துவர்கள் சீட்டில் எழுதிய பெயர் இதுதான். பொருள், நரம்புத் தளர்ச்சி. (நம்மூர்ச் சுவர் விளம்பரங்களில் இதே பெயர் வேறு காரியத்துக்குப் போய்விட்டது. அது தனிக்கதை.)

பார்வைக்குப் பழைய சீன மருத்துவச் சொல் போலத் தெரியும். ‘ஷென்’ என்றால் உயிர்ப்பு, மனத்தெளிவு. ‘ஜிங்’ என்றால் உடலில் உயிராற்றல் ஓடும் தடம். இரண்டும் சீன மருத்துவத்தின் சொத்துதான். ஆனால் இரண்டையும் சேர்த்து ‘நரம்பு’ ஆக்கியவர்கள் ஜப்பானியர்கள். சுகிதா கென்பாகுவும் தோழர்களும் டச்சு உடற்கூற்று நூல் ஒன்றைப் பெயர்த்து 1774-இல் ‘கைத்தாய் ஷின்ஷோ’ என வெளியிட்டார்கள். நரம்புக்குக் கையில் சொல் இல்லாததால் ‘ஷின்கேய்’ என்று புதிதாகக் கட்டினார்கள். சீன உச்சரிப்பில் அது ஷென்ஜிங்.

தளர்ச்சி வந்தது அமெரிக்காவிலிருந்து. நியூயார்க் மருத்துவர் ஜார்ஜ் பியர்டு 1869-இல் ‘நியூரஸ்தீனியா’ என்ற பெயரைப் பரப்பினார். நீராவி, தந்தி, செய்தித்தாள் என்று ஓடும் காலத்தில் மூளை உழைப்பாளியின் நரம்பாற்றல் தீர்ந்துபோகிறது என்பது அவர் வாதம். மருந்தோடு மெல்லிய மின்சாரமும் பாய்ச்சிப் பார்த்தார். படித்தவர்களுக்கு வரும் வியாதி என்பதால் அதில் கொஞ்சம் கௌரவமும் இருந்தது. ஜப்பான் அதை ‘ஷின்கேய் சுய்ஜாக்கு’ என்று பெயர்த்தது. அதே எழுத்துகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனாவுக்குள் நுழைந்தன.

பிறந்த நாட்டில் பெயர் மங்கிக்கொண்டிருந்தபோது சீனாவில் அது தழைத்தது. 1950-களில் சோவியத் வழி வந்த பாவ்லோவின் கொள்கை, மூளைப் புறணி அளவுமீறி உழைத்ததே காரணம் என்றது. 1958-இல் மாபெரும் பாய்ச்சல் காலத்தில் உடற்பயிற்சி, கூட்டு விளக்கவுரை, மருந்து எல்லாம் கலந்த சிகிச்சையைக் கூட்டம் கூட்டமாகக் கொடுத்தார்கள். பின்னர் கலாச்சாரப் புரட்சியில் ‘வாழ்க்கையே சலித்துவிட்டது’ என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னால், அது புரட்சியின் மேல் அவநம்பிக்கை என்றாகிவிடும். ‘நரம்பு தளர்ந்துவிட்டது’ என்றால் உழைத்துக் களைத்தவர் என்று பொருள். எந்தப் பெயரில் ஒதுங்குவார்கள்?

1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் ஆர்தர் கிளைன்மன் சாங்ஷாவில், ஹூனான் மருத்துவக் கல்லூரியில், இந்தப் பெயர் தாங்கிய 100 நோயாளிகளைச் சோதித்தார். 87 பேருக்குத் தீவிர மனச்சோர்வின் இலக்கணம் பொருந்தியது. அதே ஆண்டில் அமெரிக்க மனநோய்க் கையேட்டின் மூன்றாம் பதிப்பு நியூரஸ்தீனியாவைக் கைவிட்டது. சீன வகைப்பாடோ 2001 பதிப்பிலும் அதை விடவில்லை.

சீனர்கள் துயரத்தை உடலாக மாற்றிவிடுகிறார்கள் என்று இதை வைத்துச் சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ‘ஃபான்’ என்ற மனக்கொதிப்புக்கும் ‘மென்’ என்ற புழுக்கத்துக்கும் அன்றாடப் பேச்சில் பஞ்சமில்லை. ‘மென்’ எழுத்தே கதவுக்குள் நெஞ்சை வைத்துத்தான் எழுதப்படுகிறது. அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. டாக்டரிடம் எதைச் சொல்வது, எதை விழுங்குவது என்பதில்தான் கணக்கு.

முதியோரின் மனநலத்தை அளக்கப்போனால் இந்தக் கணக்கு இடிக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் யெசவேஜ் குழு உருவாக்கிய முதியோர் மனச்சோர்வு அளவுகோலில் 30 ஆம்–இல்லை கேள்விகள். தூக்கம், பசி, உடல்வலி பற்றிய கேள்விகளை வேண்டுமென்றே விட்டார்கள். வயதானால் மூட்டுவலியும் தூக்கக்குறைவும் வேறு காரணங்களாலும் வருமே என்பது நியாயமான யோசனை. ஆனால் ஷென்ஜிங் ஷுவாய்ருவோ தலைமுறை வாய்திறப்பதே அந்த வாசல் வழியாகத்தான். 45 வயதுக்கு மேற்பட்டோரை 2011 முதல் தொடரும் சீன நலவாழ்வு, ஓய்வுக்கால ஆய்வு வேறோர் அளவுகோலின் 10 கேள்விச் சுருக்கத்தைப் பயன்படுத்துகிறது. அதில் தூக்கத்துக்கு ஒரு கேள்வி உண்டு. ‘மகிழ்ச்சியாக இருந்தீர்களா’ என்றும் கேட்கிறார்கள். அடக்கமாகப் பேசி வளர்ந்த ஒரு மூதாட்டி அதற்கு ‘அப்படியெல்லாம் ஒன்றுமில்லை’ என்றால், அது சோர்வா, பண்பா?

2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராம் நோய்ப்பட்டியலில் நியூரஸ்தீனியா இல்லை. இளையவர்கள் மனச்சோர்வை ‘யீயூ’ என்று நேராகவே சொல்கிறார்கள். முதியவர்களில் பலர் மனநலப் பிரிவின் வாசலை மிதிப்பதில்லை; நரம்பியல் பிரிவிலோ சீன மருத்துவப் பிரிவிலோதான் சீட்டு வாங்குகிறார்கள். வினாத்தாளை அந்த வரிசைக்குக் கொண்டுபோவதுதான் முறை. முதல் கேள்வி தூக்கத்தைப் பற்றியே இருக்கட்டும்.