சிரிப்பும் தெரிவும்: அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மிகச் சிறந்த நகைச்சுவைத் தொடர் எது என்னும் வினா வீடுகளிலும் வேலைத்தலங்களிலும் பத்திரிகைகளிலும் நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வந்துள்ளது. இதனைத் தனிமனித இரசனை பற்றிய வெறும் பொழுதுபோக்காகக் கொண்டு ஒதுக்கிவிடுவோர் உளர். ஆயின் விருப்பம் என்பது வெற்றிடத்திலே தோன்றுவதன்று. தெரிவுக்குரியனவாக எவை முன்வைக்கப்படுகின்றன, எவருடைய தெரிவு கணக்கிலெடுக்கப்படுகின்றது, எவருடையது புறக்கணிக்கப்படுகின்றது என்பவற்றை ஆராயாது இரசனையின் வரலாற்றை எழுதுதல் இயலாது. 1971ஆம் ஆண்டை மையமாகக் கொண்டு இவ்வினாக்களை நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சியாகும்.

மாறாத சில பாத்திரங்கள், ஒரு வீடு அல்லது ஒரு வேலைத்தலம், அரைமணி நேரத்தினுள் தோன்றித் தீர்ந்துவிடும் ஒரு சிக்கல் என அமைந்த இக்கலைவடிவம் வானொலியிலிருந்து தொலைக்காட்சிக்கு வந்ததாகும். 1951 ஒக்டோபர் 15ஆம் திகதி சீ.பீ.எஸ். நிறுவனத்தில் தொடங்கிய 'ஐ லவ் லூசி' அதற்கு நிலையான உருவத்தை அளித்தது. பார்வையாளர் முன்னிலையில் நடிக்கப்பட்ட காட்சிகள் மூன்று கமராக்களாற் படச்சுருளிற் பதிவுசெய்யப்பட்டன. படச்சுருளிற் பதிவானமையால் தொடரை மீண்டும் மீண்டும் ஒளிபரப்பி இலாபமீட்டுதல் சாத்தியமாயிற்று. 1953 ஜனவரி 19ஆம் திகதி, கதைநாயகி குழந்தை பெறும் பகுதியை ஏறத்தாழ 4 கோடி 40 இலட்சம் பேர் பார்த்தனர். மறுநாள் நடைபெற்ற ஜனாதிபதி ஐசன்ஹோவரின் பதவியேற்பு வைபவத்தைப் பார்த்தோர் தொகை அதனினுங் குறைவாகும். எனினும் கருவுற்றிருத்தலை நேரடியாகக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை அத்தொடரில் உச்சரிக்க அனுமதி இருக்கவில்லை. மக்களின் பேரார்வமும் நிறுவனத்தின் கட்டுப்பாடும் தொடக்கந்தொட்டே அருகருகே இருந்தன என்பதற்கு இது சான்றாகும்.

இப் பெருந்தொகைகள் எவ்வாறு பெறப்பட்டன என்பதும் கவனிக்கத்தக்கது. நீல்சன் நிறுவனம் 1950 முதல் தொலைக்காட்சிப் பார்வையாளரை அளவிட்டு வந்தது. எழுபதுகளில் ஏறத்தாழ 1,200 வீடுகளிற் பொருத்தப்பட்ட கருவிகளின் பதிவே முழு நாட்டினதும் விருப்பமாக வாசிக்கப்பட்டது. மாதிரியெடுப்பு என்ற வகையில் இம்முறை தவறானதன்று. ஆயின் தொலைக்காட்சிப் பெட்டி எந்த நிலையத்திற்குத் திருப்பப்பட்டிருந்தது என்பதை அக்கருவி கூறியதேயன்றி, அதன் முன்னிருந்தோர் எதற்காகச் சிரித்தனர் என்பதைக் கூறவில்லை. சிரிப்புங்கூட எப்பொழுதும் இயல்பானதாக இருக்கவில்லை. சீ.பீ.எஸ். நிறுவனத்தின் ஒலிப்பொறியியலாளரான சார்ள்ஸ் டக்ளஸ் ஐம்பதுகளில் உருவாக்கிய இயந்திரம், முன்னரே பதிவுசெய்த சிரிப்பொலிகளை வேண்டிய இடங்களிற் சேர்க்க உதவிற்று. எங்கே சிரிக்கவேண்டும் என்பதும் இவ்வாறு முன்கூட்டியே தெரிவுசெய்யப்பட்டது.

எண்ணிக்கையே இறுதித் தீர்ப்பு என்னும் நம்பிக்கையை 1971ஆம் ஆண்டு தகர்த்தது. 'பெவர்லி ஹில்பில்லீஸ்' என்ற நாட்டுப்புற நகைச்சுவைத் தொடர் 1962-63, 1963-64 ஆகிய இரு பருவங்களிலும் முதலிடம் பெற்றிருந்தது. அதனையும் 'கிறீன் ஏக்கர்ஸ்', 'மேபெரி ஆர்.எப்.டி.' ஆகியவற்றையும் சீ.பீ.எஸ். 1971இல் நிறுத்தியது. இவற்றுள் இறுதியாகக் குறிப்பிட்டது நிறுத்தப்படும் வேளையிலும் முதல் இருபது நிகழ்ச்சிகளுள் ஒன்றாக விளங்கியது. பார்ப்போர் இல்லாமையாலன்று, பார்த்தோர் முதியோராகவும் கிராமவாசிகளாகவும் இருந்தமையாலேயே இவை கைவிடப்பட்டன. விளம்பரதாரர் வேண்டியது நகர்ப்புறத்து இளைய, வசதிபடைத்த நுகர்வோரையே. ஒவ்வொரு தலைக்கும் ஒரே பெறுமதி என்ற கணக்கு மறைந்து, வாங்குஞ் சக்திக்கேற்பத் தலைகளை நிறுக்கும் கணக்கு வந்தது. கனேடிய அறிஞர் டலஸ் ஸ்மைத் 1977இல் எழுதிய கட்டுரையில், வர்த்தக ஒலிபரப்பு உற்பத்திசெய்து விற்கும் பண்டம் நிகழ்ச்சியன்று, பார்வையாளரே என வாதிட்டார். 1971ஆம் ஆண்டின் நிகழ்வுகள் அக்கருத்துக்கு அரணாக அமைகின்றன.

இவ்விடத்து ஒரு முரண்பாடு தோன்றுகின்றது. விளம்பர நலன் திறந்துவிட்ட அதே வாயிலினூடாகவே சமூக விமரிசனமும் உட்புகுந்தது. நோர்மன் லியர் உருவாக்கிய 'ஓல் இன் த பமிலி' 1971 ஜனவரி 12ஆம் திகதி தொடங்கியது. பீ.பீ.சீ.யின் பிரித்தானியத் தொடரொன்றைத் தழுவிய இதனை ஏ.பீ.சீ. நிறுவனம் முன்னரே நிராகரித்திருந்தது. நியூயோர்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் வாழும் தொழிலாளியான ஆர்ச்சி பங்கர் கறுப்பின மக்களையும் யூதரையும் பெண்ணுரிமை பேசுவோரையும் இழிவுபடுத்தும் பாத்திரமாவான். சமூகவியல் பயிலும் அவனது மருமகன் அவனை எதிர்த்து வாதாடுவான். வியட்நாம் யுத்தமும் இனப் பாகுபாடும் இவ்வாறு வரவேற்பறைக்கு வந்தன. 1971-72 முதல் 1975-76 வரை ஐந்து பருவங்கள் தொடர்ந்து அத்தொடர் முதலிடத்தில் நின்றது.

அதன் வெற்றியே விவாதத்தின் தொடக்கமாயிற்று. யூத வெறுப்பைப் பொருளாகக் கொண்ட நாவலொன்றால் அறியப்பட்ட லோரா ஹொப்சன், வெறுப்பை விரும்பத்தக்கதாக இத்தொடர் ஆக்குகின்றது என 1971இல் 'நியூயோர்க் ரைம்ஸ்' பத்திரிகையில் வாதிட்டார். வெறுப்பு கொடியோரிடத்து மட்டும் வாழ்வதன்று, அன்புள்ள குடும்பத் தலைவனிடத்தும் வாழ்வதே என்பது லியரின் நிலைப்பாடு. 1974இல் நீல் விட்மார், மில்ரன் ரொக்கீச் ஆகிய ஆய்வாளர் அமெரிக்க இளையோரிடத்தும் கனேடிய வளர்ந்தோரிடத்தும் நடத்திய ஆய்வை வெளியிட்டனர். தப்பெண்ணம் மிகுந்தோர் ஆர்ச்சியையே போற்றுவதற்கும், வாதத்தில் வென்றவன் அவனே எனக் கொள்வதற்கும் கூடிய சாய்வுடையராயிருந்தனர். ஒரே காட்சிக்கு இருவர் சிரித்தனர். ஒருவர் ஆர்ச்சியைப் பார்த்துச் சிரிக்க, மற்றவர் ஆர்ச்சியோடு சேர்ந்து சிரித்தார். நீல்சன் கருவியோ இரண்டையும் ஒன்றாகக் கூட்டியது. முதலிடம் என்னும் ஒருமைக்குள் இருவேறு சமூக நிலைப்பாடுகள் மறைந்துகிடந்தன.

இச்சிக்கல் 'குட் ரைம்ஸ்' (1974-79) தொடரில் மேலுங் கூர்மை பெற்றது. சிக்காகோவின் தொடர்மாடி ஒன்றில் வறுமையோடு போராடும் கறுப்பினக் குடும்பத்தைச் சித்திரித்த அத்தொடரில், கோமாளித்தனமான மூத்த மகனின் பாத்திரமே வரவேற்புப் பெற்று முன்தள்ளப்பட்டது. பெற்றோராக நடித்த எஸ்தர் ரோலும் ஜோன் ஏமொசும் இதனை வெளிப்படையாக எதிர்த்தனர். 1976இல் ஏமொஸ் தொடரிலிருந்து நீங்க நேர்ந்தது. மறு ஆண்டில் ரோலும் விலகிப் பின்னர் திரும்பினார். எவரைப் பார்த்துச் சிரிப்பது என்பது இவர்களுக்கு இரசனைப் பிரச்சினையாக அன்றித் தம் மக்களின் மானப் பிரச்சினையாக இருந்தது.

காலமும் ஒரு தெரிவாளனே என்பதை இங்கு மறத்தலாகாது. புறூக்ளினின் பஸ் சாரதி ஒருவரின் வாழ்வைக் காட்டிய 'த ஹனிமூனர்ஸ்' 1955-56இல் 39 பகுதிகளோடு நின்றுபோயிற்று. மறு ஒளிபரப்புகளே அதனைப் பிற்சந்ததியினரின் பெருவிருப்புக்குரியதாக்கின. 1983 பெப்ரவரி 28ஆம் திகதி 'மாஷ்' தொடரின் இறுதிப் பகுதியைப் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தனர். ஒரு நாடு ஒரே வேளையில் ஒரே தொடரைப் பார்க்கும் அந்நிலை இன்று பெரிதும் அருகிவிட்டது. இணையவழிச் சேவைகள் ஒவ்வொருவரும் எதைப் பார்க்கின்றார் என்பதைப் பதிவுசெய்கின்றன. கணக்கு நுண்மையுற்றுள்ளதேயன்றி, கணக்கிடுவோர் எவர் என்ற வினா மாறிவிடவில்லை.

எனவே, மக்கள் எதை விரும்பினர் என்ற வினாவுக்கு விடையாகத் தரவரிசைகளை மாத்திரம் காட்டுதல் போதாது. அவ்வரிசைகள் சந்தையின் மொழியில் எழுதப்பட்டவை. தமக்குப் பிடித்த தொடர் எதுவென மக்கள் ஒருவரோடொருவர் வாதிடும்பொழுது, விரும்புவதற்கான காரணத்தையும் கூற வேண்டியவராகின்றனர். காரணங்கூறத் தொடங்கிய கணமே விலைப்பண்டமாகிய பார்வையாளர் விமரிசகராக மாறுகின்றார். நகைச்சுவையின் சமூக வரலாறு எண்ணிக்கைகளிலிருந்தன்றி அக் காரணங்களிலிருந்தே எழுதப்படல் வேண்டும்.