கரைதல் என்னும் சொல்: சென்னையின் நான்கு விளக்குகள்

கலங்கரை விளக்கம் என்ற தொடரில் வரும் 'கரை'யைக் கடற்கரை என்றே நம் மாணவர்கள் பெரும்பாலும் எண்ணிக்கொள்கிறார்கள். காக்கை கரைகிறது என்கிறோமே, அந்தக் கரைதலே இது. கலத்தை அழைக்கின்ற விளக்கம் என்பது பொருள். சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் இத்தொடர் வருகிறது; உரையாசிரியர் அடியார்க்குநல்லாரும் இப்பொருளே கொண்டார். அதற்கும் முன்னரே பெரும்பாணாற்றுப்படை, ஏறுதற்கரிய மாடத்தின் உச்சியில் இரவில் ஏற்றிய விளக்கைக் கண்டு திசை தெரியாத கலங்கள் துறை சேர்வதைப் பாடிவிட்டது.

இச்சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டு சென்னையின் விளக்குகளை நோக்கினால் ஒரு முரண் தென்படும். இங்கு விளக்கு வந்தபோது அழைப்பதற்குத் துறைமுகமே இல்லை. திறந்த கடல், ஓயாது மோதும் அலை, வடக்கே பழவேற்காட்டுத் திட்டுகள், தெற்கே கோவளத்துத் திட்டுகள். கப்பல்கள் ஆழ்கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. ஆளையும் சரக்கையும் அலை கடத்திக் கரை சேர்த்தவர்கள், ஆணியின்றிக் கயிற்றால் தைத்த மசூலா படகுகளை ஓட்டிய கடலோடிகளே. கட்டுமரக்காரர்கள் கடிதங்களைத் தலையில் அணிந்த தொப்பிக்குள் நனையாமல் வைத்துக்கொண்டு கப்பலுக்கும் கரைக்கும் சென்று வந்தனர். ஆகவே சென்னை விளக்கு சொன்ன செய்தி, 'வா' என்பதைவிட 'அங்கேயே நில்' என்பதுதான்.

முதல் விளக்கு 1796இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள், வணிகர்கள் கூடிய பரிவர்த்தனை மாளிகையின் மாடியில் ஏற்றப்பட்டது. தேங்காயெண்ணெயும் திரியும்தான். அம்மாளிகையே இன்றைய கோட்டை அருங்காட்சியகம். மாடத்தின் உச்சியில் விளக்கு வைக்கும் சங்ககால வழக்கத்தையே கும்பினியாரும் அறியாமல் பின்பற்றினர் போலும்.

இரண்டாவது விளக்குக்குத்தான் தனக்கென ஓர் உருவம் வாய்த்தது. கிரேக்கக் கட்டடக் கலையின் டோரிக் பாணியில் அமைந்த ஒற்றைக் கல் தூண்; அடி அகன்று மேலே செல்லச் செல்லக் குறுகுவது; உள்ளே சுழன்றேறும் படிக்கட்டு. நூறடிக்கும் மேல் உயர்ந்த இதற்குப் பல்லாவரத்துக் கருங்கல் பயன்பட்டது. பிரதிபலிக்கும் ஆடிகள் பொருத்திய ஆர்கண்ட் விளக்குகள் 1844 ஜனவரி 1 முதல் எரிந்தன. வடிவமைத்தவர் சென்னைப் பொறியாளர் படையின் கேப்டன் ஜே. டி. ஸ்மித். சுண்ணாம்புச் சாந்து பற்றிப் பிரெஞ்சுப் பொறியாளர் விக்கா எழுதிய நூலை 1837இல் ஆங்கிலத்தில் பெயர்த்தவரும் இவரே. சாந்தின் இயல்பை ஏட்டிலும் கற்றவர் எழுப்பிய தூண் அது என்பதை அதன் முன் நிற்கும்போது நினைத்துக்கொள்ளலாம்.

தூண் நிற்கும் மண்ணையும் சொல்லவேண்டும். பழைய கறுப்பர் நகரம் இருந்த நிலம் அது. பிரெஞ்சுப் படையெடுப்பின் அச்சத்தால் கோட்டையைச் சுற்றி வெட்டவெளி வேண்டுமென்று வீடுகள் அகற்றப்பட்டன. அங்கிருந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலும் 1757இல் இடிக்கப்பட்டது. அதற்கு ஈடாகப் பூக்கடைப் பகுதியில் சென்னகேசவருக்கும் சென்னமல்லீசுவரருக்கும் கோயில்கள் எழுந்தது 1760களில்.

செயற்கைத் துறைமுகத்துக்கு 1875இல் அடிக்கல் இடப்பட்டது. 1881 நவம்பர்ப் புயல் அலைதாங்கிச் சுவர்களை உடைத்துப்போட, மீண்டும் கட்டினார்கள். இதற்கிடையில் உயர்நீதிமன்றம் அதே வெளியில் எழுந்தது. பிராசிங்டன் வரைந்ததை ஹென்றி இர்வின் செப்பம் செய்ய, நம்பெருமாள் செட்டியார் கட்டி முடித்தார், திறப்பு 1892இல். அதன் பெரிய குவிமாடம் தூணைவிட உயரம். எனவே 1894 ஜூன் 1இல் விளக்கு அங்கே ஏறியது. நீதிமன்றத்தின் தலையில் மாலுமிகளுக்கான விளக்கு! மறுபடியும் மாடத்து உச்சி. தூண் ஐம்பதே ஆண்டுகளில் ஓய்வு பெற்றது.

இந்த மூன்றாவது விளக்கே, அழைக்கக் கூடாத கலத்துக்கும் வழிகாட்டியது. 1914 செப்டம்பர் 22 இரவு. பிரிட்டன் போரில் இறங்கி ஏழு வாரங்கள் ஆகியிருந்தன. ஆயினும் நகரின் விளக்குகள் அணைக்கப்படவில்லை, கலங்கரை விளக்கமும் வழக்கம்போல் எரிந்துகொண்டிருந்தது. ஜெர்மானியக் கப்பல் எம்டன், கேப்டன் ஃபான் முல்லரின் தலைமையில் இருளில் நெருங்கிவந்து பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. அரைமணி நேரத்துக்குள் ஏறத்தாழ 130 குண்டுகள். ஒன்று நீதிமன்றச் சுற்றுச்சுவரைத் தாக்கியது. அவ்விடத்தில் நினைவுக் கல்வெட்டு பதித்திருக்கிறார்கள். உயிரிழந்தோர் சிலரே. ஆனால் ஊர் காலியாயிற்று. தமிழுக்கு ஒரு புதுச்சொல் கிடைத்தது: கெட்டிக்காரனை 'எம்டன்' என்றார்கள் நம் பாட்டிமார்கள். விளக்குக்கு நண்பன் யார், பகைவன் யார் என்று தெரியாது. கரைவது ஒன்றே அதன் தொழில்.

நான்காவது, மெரினாவின் முக்கோணக் கான்கிரீட் கோபுரம், சிவப்பும் வெள்ளையுமாக. 1977 ஜனவரி 10இல் இயங்கத் தொடங்கியது. மின்தூக்கி உண்டு. அழகு என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. பயன் என்றால் ஒப்புக்கொள்வோம். 1990களில் பாதுகாப்புக் காரணங்களுக்காக மூடப்பட்ட கோபுரத்தில் 2013 நவம்பரிலிருந்துதான் பொதுமக்கள் மீண்டும் ஏறினர்.

தலையில் விளக்கை இழந்த ஸ்மித்தின் தூண் மட்டும் நீதிமன்ற வளாகத்தில் நிற்கிறது. அதனருகே வழக்குக்காக வந்து காத்திருந்த ஒருவரிடம் அது என்னவென்று ஒருமுறை கேட்டோம். "ஏதோ பழைய புகைபோக்கிங்க சார்" என்றார்.