திருவல்லிக்கேணியில் ஓர் இல்லம்

கல்லூரிக் கதவு திறந்துவிட்டது. இனி உள்ளே செல்வதுதானே வேலை என்பர் சிலர். உள்ளே சென்றவன் இரவில் எங்கே படுப்பான், எந்தப் பந்தியில் உண்பான் என்று அவர்கள் கேட்பதில்லை. அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு அக்கேள்வி எழுந்ததே இல்லை!

கேட்டவர் ஒருவர் இருந்தார். மருத்துவர் சி. நடேசனார். சென்னைத் திராவிடர் சங்கத்தை வளர்த்த அப்பெருமகனார், 1916ஆம் ஆண்டு திருவல்லிக்கேணியில் 'திராவிடர் இல்லம்' என்னும் மாணவர் விடுதியை நிறுவினார். அக்காலத்தை எண்ணிப் பாருங்கள். 1914இல் சென்னைப் பல்கலைக்கழகத்துப் பதிவு பெற்ற பட்டதாரிகள் 650 பேர். அவருள் பார்ப்பனர் 452. பார்ப்பனரல்லாத இந்துக்கள் 124. மாகாண மக்கள் தொகையிலோ பார்ப்பனர் நூற்றுக்கு மூவரே! வெளியூரிலிருந்து தகரப் பெட்டியும் கையுமாய் இரயிலேறி வந்த உழவன் மகனுக்குத் தலைநகரில் தங்க இடமில்லை. சோற்றுக்கும் சாதி கேட்டனர். அறிவு குறைந்தா அவன் ஊர் திரும்பினான்? இலை போட ஆளின்றித் திரும்பினான்.

நடேசனார் தந்தவை கூரை, பாய், சோறு. அவற்றோடு, விலை கொடுத்து வாங்க முடியாத ஒன்றும் அத்தகைய இல்லத்தில் கிட்டும்: எந்தப் பாடம் எடுப்பது, எந்த நூலைத் தேடுவது என்று வீட்டில் எவரும் சொல்லவியலாததைச் சொல்லும் மூத்த மாணவனின் துணை.

பிற்காலத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரான டி. எம். நாராயணசாமி பிள்ளை அங்குத் தங்கியவர். 1947இல் விடுதலை இந்தியாவின் முதல் நிதியமைச்சரான ஆர். கே. சண்முகம் செட்டியாரும் அங்குத் தங்கியவரே. சண்முகனார் செல்வக் குடியிற் பிறந்தவர். அவருக்கே அவ்வில்லம் வேண்டியிருந்ததெனில், கூலிக்காரன் மகன் நிலை என்ன?

இல்லம் நெடுநாள் நிலைக்கவில்லை. பொருள் தருவார் போதவில்லை. தனியொருவர் தோளில் தாங்கக்கூடிய சுமையா அது?

1951இல் வகுப்புரிமை ஆணை செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். தமிழகம் கொதித்தெழுந்தது; அவ்வாண்டே அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. கல்லூரியில் இடம் காக்கப்பட்டது. 2010இல் கலைஞர் அரசு, குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்கல்விக் கட்டணத்தை ஏற்றது. போற்றுகிறோம். ஆயினும் அச்சலுகை கல்விக் கட்டணத்துக்கே. விடுதி வாடகையும் உணவுச் செலவும் அதில் அடங்கா. அக்குறையை நிரப்ப வேண்டியவை ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகள். நடேசனாரின் வழித்தோன்றல்கள் என்றே அவற்றை நாம் கருதுகிறோம். அவற்றில் கட்டில் எத்தனை, கழிவறை எத்தனை, நூலகம் உண்டா என்று சட்டமன்றத்தில் கேட்போர் பெருக வேண்டும்.

பள்ளியிலிருந்து நாம் வழியனுப்பும் பிள்ளைகள், கல்லூரியில் இடம் கிடைத்ததும் முதலில் கேட்பது பாடத்தைப் பற்றியன்று. "ஐயா, விடுதி கிடைக்குமா?" என்றே கேட்கின்றனர்.