செல் குறுக்கீடும் கடிகார ஒத்திசைவும்

கைபேசி டவரில் உள்ள ஓர் ஆன்டெனா எட்டும் பரப்புக்குச் செல் என்று பெயர். அடுத்தடுத்த செல்கள் ஒரே அலைவரிசையில் இயங்கும்போது ஒன்றின் அலை மற்றதில் புகுந்து கெடுப்பது செல் குறுக்கீடு. அந்தச் செல்களின் கடிகாரங்கள் முன்பின்னாக ஓடுவது நேரப் பிசகு. வேலூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் தோல் தொழில் வட்டாரத்தில் "டவர் ஃபுல்லா இருக்கு, நெட் போகலை" என்பார்கள். அந்தக் குறைக்கான காரணங்களில் இவ்விரண்டும் உண்டு.

2ஜி காலத்தில் பக்கத்துச் செல்களுக்கு வேறு வேறு அலைவரிசை கொடுத்துக் குறுக்கீட்டைத் தவிர்த்தார்கள். அப்போதும் நேரக் கணக்கு இருந்தது. தொலைவிலுள்ள கைபேசி சற்று முன்னதாகவே பேச்சை அனுப்பும். அப்படி முந்துவதற்கு 63 படிகள், படிக்குச் சுமார் 550 மீட்டர் என்ற கணக்கில் செல்லின் எல்லை ஏறத்தாழ 35 கி.மீ. 4ஜி வந்தபின் எல்லாச் செல்களும் ஒரே அலைவரிசையில் பேசத் தொடங்கின. அலைக்கற்றை மிச்சமானது, வேகம் கூடியது, செல்களின் ஓரங்களில் குறுக்கீடும் கூடியது.

4ஜியின் 2300 மெகாஹெர்ட்ஸ், 5ஜியின் 3300 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. இந்தப் பட்டைகளில் டிடிடி எனப்படும் முறையில் டவரும் கைபேசியும் ஒரே அலைவரிசையில் முறைவைத்துப் பேசுகின்றன. ஒற்றைத் தண்டவாளத்தில் மேல்வண்டியும் கீழ்வண்டியும் மாறி மாறிப் போவதற்கு ஒப்பானது இது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்தில் புறப்பட்டு இந்த வட்டாரத்தின் வாலாஜாவுக்குத்தான் வந்தது. ஊருக்கு ஒரு நேரம் இருந்த நாட்டில் ரயிலுக்குப் பொது நேரம் தேவைப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில்கள் மதராஸ் வானாய்வகத்தின் நேரத்தைப் பின்பற்றின. 1906 ஜனவரி 1 முதல் இந்திய நேரம் நடைமுறைக்கு வந்தது. ரயிலுக்கு நிமிடத் துல்லியம் போதும். டிடிடி செல்களுக்கு இடையில் அனுமதிக்கப்பட்ட பிசகு 3 மைக்ரோ விநாடி, அதாவது விநாடியில் பத்து லட்சத்தில் மூன்று பங்கு.

அதைத் தாண்டினால் ஒரு டவர் பேசும் வேளையில் பக்கத்து டவர் கேட்டுக்கொண்டிருக்கும். டவரின் ஆற்றல் பத்துக்கணக்கான வாட்; கைபேசியினுடையது பெரும்பாலும் 0.2 வாட். உரத்த குரலில் மெல்லிய குரல் அமுங்கிவிடும். கைபேசித் திரையில் தெரியும் கோடுகள் டவரிலிருந்து வரும் அலையின் வலிமையை மட்டுமே அளப்பவை. ஆகவே கோடுகள் நிறைந்திருக்கும், கைபேசி அனுப்புவது மட்டும் போய்ச் சேராது. ஷிப்ட் முடிந்து கடையில் யுபிஐ பணம் செலுத்த நிற்கும் தொழிலாளிக்கு இது சிறிய குறையல்ல.

டவர்கள் ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து நேரம் பெறுகின்றன. கண்ணாடி இழை வழியாகப் பொதுக் கடிகாரத்தைப் பகிரும் முறையும் உண்டு. இஸ்ரோவின் நாவிக் அமைப்பும் நேரம் தருகிறது. அதன் மையம் பெங்களூருக்கு அருகே பியாலாலுவில் உள்ளது. ஜிபிஎஸ் ஆன்டெனா பழுதானால் டவர் தன் உள்கடிகாரத்தை நம்பி ஓட வேண்டும். அது நூறு கோடியில் ஒரு பங்கு பிசகினாலும் ஒரு மணி நேரத்தில் 3.6 மைக்ரோ விநாடி சேர்ந்துவிடும். பழுதான ஒரு டவர் சுற்றியுள்ள பல டவர்களைக் கெடுக்கும். பாதிக்கப்பட்ட டவரைச் சோதித்தால் அதில் குறை எதுவும் தெரியாது. இந்தப் பழுதைக் கண்டுபிடிப்பது கடினமாவது இதனால்தான்.

பாலாற்றுப் பள்ளத்தாக்கின் அமைப்பும் கவனிக்கத்தக்கது. தெற்கே ஜவ்வாது மலையும் ஏலகிரியும் அலைகளைத் தடுக்கின்றன. ஆனால் உயரத்தில் வைத்த ஆன்டெனா தேவைக்கு மீறித் தொலைவு எட்டும். மறைப்பில்லாத அகன்ற ஆற்றுமணலும் அலைக்கு வழிவிடும். தகரக் கூரை போட்ட ஷூ கம்பெனிக்குள்ளோ 3300 மெகாஹெர்ட்ஸ் அலை எளிதில் நுழையாது.

மாநில எல்லையும் அருகில் இருக்கிறது. குடியாத்தம், பேரணாம்பட்டைத் தாண்டினால் ஆந்திரத் தொலைத்தொடர்பு வட்டம். நாட்றம்பள்ளிக்கு அப்பால் குப்பம். அலைக்கற்றை உரிமம் வட்டவாரியாக 22 பிரிவுகளில் தரப்படுவதால் எல்லையின் இருபுறமும் ஒரே அலைவரிசை வேறு வேறு நிறுவனங்களின் கையில் இருக்கக்கூடும். 2010 ஏலத்தில் 2300 பட்டையின் ஒரு பங்கு தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் ஏர்செல்லுக்கும், கர்நாடகத்தில் ஏர்டெல்லுக்கும் போனது. ஏர்செல்லின் பங்கை 2016இல் ஏர்டெல் வாங்கியது. அலைகள் வட்ட எல்லையில் நிற்பதில்லை. கடிகாரமும் பேச்சு முறையும் எல்லையின் இருபுறமும் ஒத்துப்போக வேண்டும்.

கடிகாரங்கள் சரியாக இருந்தும் குறுக்கீடு வரும் ஒரு நிலை உண்டு. டவர் பேசி முடித்துக் கேட்கத் தொடங்குமுன் ஓர் இடைவெளி விடப்படுகிறது. 4ஜியின் பரவலான ஓர் அமைப்பில் அது சுமார் 143 மைக்ரோ விநாடி. அதற்குள் அலை 43 கி.மீ. கடக்கும். ஆம்பூரிலிருந்து வேலூர் ஏறத்தாழ 50 கி.மீ. சாதாரண நாளில் அவ்வளவு தூரத்து அலை வலிமையிழந்துவிடும். குளிர்ந்த காற்று கீழேயும் வெப்பக் காற்று மேலேயும் படியும் நாள்களில் அலை வளைந்து குழாயில் போவதுபோல் நெடுந்தூரம் செல்லும். தாமதமாக வந்து, டவர் கேட்கும் வேளையில் விழும். சீனாவின் கிழக்குக் கடலோரத்தில் இது பெரும் தொல்லையானது. 2020இல் நிறைவுற்ற 5ஜி தரவரைவில் இதைக் கண்டறியும் முறை சேர்க்கப்பட்டது.

புகார் கொடுக்கும்போது "டவர் இல்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். கோடுகள் நிறைந்திருந்தனவா, படம் அனுப்ப முடியவில்லையா பெற முடியவில்லையா, எந்த இடம், எத்தனை மணி என்று குறித்துக் கொடுங்கள். பழுது அடுத்த டவரில் இருந்தால் பொறியாளர் அதைத் தேடிப் பிடிக்க இந்த விவரங்கள் வேண்டும்.