ஞாயிற்றுக்கிழமை வந்த கதை

போன ஞாயிறு தங்கமணியும் பையனும் லோயர் பரேல் ஃபீனிக்ஸ் மாலுக்குப் போகணும் என்று ஒரே அடம். கார்டு தேய்க்கிற வேலை மட்டும் எனக்கு :-) அவர்கள் கடை கடையாக ஏறி இறங்க, நான் வெளியே வந்து அந்தப் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மும்பைவாசிகள் பார்த்திருப்பீர்கள். முன்பு ஃபீனிக்ஸ் மில் இருந்த இடம். மில் போய் மால் வந்தது, புகைபோக்கி மட்டும் மிச்சம்.

"என்னப்பா அதையே பார்க்கறே?" என்றான் பையன்.

"உனக்கு இன்னிக்கு ஏன் லீவு தெரியுமா?"

"சண்டே, அதான்."

அதோடு விட்டிருக்கலாம். சண்டேக்கு ஏன் லீவு என்று ஆரம்பித்தேன், அவன் ஐஸ்கிரீம் பக்கம் நகர்ந்துவிட்டான். அவன் கேட்காததை நீங்கள் கேளுங்கள்.

1880களில் இந்த பம்பாய் மில்களில் மின்விளக்கு கிடையாது. சூரியன் உதித்தால் வேலை ஆரம்பம், மறைந்தால் முடிவு. கோடையில் பதிமூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும். வாரம் ஒரு நாள் லீவு என்பதே இல்லை. பண்டிகைக்கு மில் நின்றால் உண்டு. சில மில்களில் ஞாயிறு மெஷின் ஓடாது, ஆனால் மெஷினைத் துடைக்க ஆள் வரவேண்டும்! 1881இல் முதல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. ஏழு வயதுக்குக் கீழ் பிள்ளைகளை வைக்காதே, பன்னிரண்டு வரை உள்ளவர்களுக்கு ஒன்பது மணி நேரம் என்றது. பெரியவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அங்கேதான் நாராயண் மேகாஜி லோகாண்டே வருகிறார். ஜோதிராவ் ஃபுலேயின் சீடர். ஒரு மில்லில் ஸ்டோர்கீப்பராக இருந்தவர் (நம்ம ஜாதி, கணக்குப் பார்க்கிறவர்!). 'தீனபந்து' பத்திரிகையை நடத்தினார். 1884இல் மில் தொழிலாளர்களைக் கூட்டி மனு எழுதினார்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்து, கைநாட்டு. என்ன கேட்டார்கள் பாருங்கள். ஞாயிறு விடுமுறை. மதியம் அரை மணி ஓய்வு. காலை ஆறரைக்கு ஆரம்பித்து சூரியன் மறையும்போது வேலையை நிறுத்த வேண்டும். சம்பளம் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் வேண்டும். அடிபட்டால் நஷ்டஈடு. சம்பள உயர்வு அந்தப் பட்டியலிலேயே இல்லை. முதலில் மூச்சு விட நேரம் கேட்டிருக்கிறார்கள்.

ஆறு வருஷம் இழுத்தது. 1890 ஏப்ரலில் பத்தாயிரம் பேர் கூடிய கூட்டம் நடந்தது. பெண் தொழிலாளர்கள் இரண்டு பேர் மேடையேறிப் பேசினார்கள். அந்தக் காலத்தில் அது சாதாரண விஷயமா? கடைசியில் 1890 ஜூன் 10 அன்று மில் முதலாளிகள் சங்கம் ஞாயிறு விடுமுறைக்கு ஒத்துக்கொண்டது. அடுத்த வருஷச் சட்டத்தில் வார விடுமுறை ஏறியது. ஞாயிறு ஜேஜூரி கண்டோபாவுக்கு உகந்த நாள் என்றுதான் லோகாண்டே கேட்டார் என்று மராத்தி நண்பர்கள் பெருமையாகச் சொல்வார்கள். 1897இல் பிளேக்கில் அவர் போய்ச் சேர்ந்தபோது ஐம்பது வயது கூட ஆகவில்லை. 2005இல் தபால் தலை போட்டார்கள்.

அப்புறம் மில்களுக்குள் மின்விளக்கு வந்தது. சூரியன் மறைந்தால் வேலை முடியும் என்ற இயற்கைக் கணக்கு போச்சு. 1905 வாக்கில் பதினாலு, பதினைந்து மணி நேரம் என்று ஆனது. துணி மில்லில் வளர்ந்த ஆணுக்கு பன்னிரண்டு மணி நேரம்தான் என்று சட்டம் சொல்ல 1911 ஆகவேண்டியிருந்தது. நம் பையிலும் அப்படி ஒரு விளக்கு இருக்கிறதே, ராத்திரி பதினோரு மணிக்கு 'டார்கெட் என்னாச்சு' என்று மின்னுகிறதே, அதற்கு எப்போது சட்டம் வரும்?

நம்ம ஊர்க் கதையும் ஒன்று. பெரம்பூர் பின்னி மில் ஆட்கள் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் ஆரம்பித்தார்கள். தலைவர் பி.பி. வாடியா, இந்த பம்பாயில் பிறந்த பார்சி. திரு.வி.க.வும் கூட இருந்தார். அரை மணி சாப்பாட்டு இடைவேளை போதவில்லை, நீட்டுங்கள் என்பது அவர்களுடைய முதல் கோரிக்கைகளில் ஒன்று.

இந்தச் சரித்திரம் எல்லாம் நான் படிக்க ஆரம்பித்ததற்குக் காரணம் எங்கள் காகா.

அப்போது நான் மும்பையில் ஒரு கிளையில் கேஷ் ஆபீசர். ஹெட் கேஷியர் ஐம்பத்தாறு வயது மராத்திக்காரர். எல்லோருக்கும் காகா. கவுண்டருக்கு வருகிறவரின் மகள் கல்யாணம் வரை விசாரிப்பார். 2016 நவம்பர் 8 ராத்திரி அறிவிப்பு வந்தது. ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது. 12ஆம் தேதி இரண்டாம் சனி, 13 ஞாயிறு, இரண்டு நாளும் வங்கி திறந்தது. இரண்டாம், நாலாம் சனி லீவு எங்களுக்குக் கிடைத்ததே 2015 செப்டம்பரில்தான். மாற்றும் வரம்பு நாலாயிரம் என்றார்கள், நாலாயிரத்து ஐந்நூறு என்றார்கள், இரண்டாயிரம் என்றார்கள். விரலில் மை வேறு.

டிசம்பர் பாதியில் காகா மாறிவிட்டார். எண்ணின கட்டையே மூன்று தரம் எண்ணுவார். டிபன் டப்பா திறக்காமலே வீட்டுக்குத் திரும்பும். பேர் சொல்லிக் கூப்பிட்டவர் "அடுத்தது" என்பதோடு நிறுத்திக்கொண்டார். ஒரு நாள் எட்டாயிரம் குறைந்தது. தன் பையிலிருந்து வைத்துவிட்டு, "க்யா ஃபரக் படதா ஹை, சாப்" என்றார். கோபப்பட்டிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். கோபமே வரவில்லை.

இரண்டு நாள் லீவு கேட்டார். "30ஆம் தேதி வரைக்கும் பொறுத்துக்கோங்க காகா" என்று சொன்னது நான்தான். மேலிடத்து வாய்மொழி உத்தரவு என்று இன்றைக்கும் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். 31 காலை பெட்டகச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு எந்தத் துவாரம் என்று தெரியாமல் நின்றார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் பிரஷர் என்றார்கள், ஒரு வாரத்தில் திரும்பி வந்தார்.

வேடிக்கை கேளுங்கள். பிப்ரவரியில் தணிக்கையில் காகா பெயரைச் சுட்டிக்காட்டினார்கள். முக்கியப் பொறுப்பில் இருப்பவர்கள் வருஷத்தில் பத்து வேலை நாள் சேர்ந்தாற்போல கட்டாய லீவில் போகவேண்டும், இவர் போகவில்லையே என்று. மோசடி ஏதாவது இருந்தால் ஆள் இல்லாதபோது வெளியே வரும் என்பதற்காக ரிசர்வ் வங்கி கொண்டுவந்த ஏற்பாடு. உடனே அனுப்பினோம். பத்து நாள் அவருடைய கணக்கைத் துருவினார்கள், பைசா சுத்தம். அவரை யாரும் பார்க்கவில்லை. அந்த வருஷமே விருப்ப ஓய்வில் போய்விட்டார்.

பின்னால்தான் படித்தேன், இதற்கு 'பர்ன்அவுட்' என்று பெயர். எரிந்து தீர்ந்துபோவது. நியூயார்க்கில் பகலில் தன் தொழில், ராத்திரியில் இலவச கிளினிக் என்று உழைத்த ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற மனநல நிபுணர், தனக்கும் கூட இருந்தவர்களுக்கும் நேர்ந்ததை வைத்து 1974இல் கட்டுரை எழுதினார். கிறிஸ்டினா மாஸ்லாக் 1981இல் அதை அளக்க ஒரு கேள்வித்தாள் செய்தார். மூன்று விஷயம் பார்ப்பார்கள். மனசு காலியாவது, எதிரே இருப்பவர் மனுஷராகத் தெரியாமல் போவது, தான் செய்வதில் பிரயோஜனம் இல்லை என்று தோன்றுவது. டப்பா, "அடுத்தது", "க்யா ஃபரக்". மூன்றும் என் கண் எதிரே இரண்டடி தூரத்தில் இருந்தது. 2019இல் உலக சுகாதார நிறுவனம் இது நோய் அல்ல, வேலையிடத்து அழுத்தத்தைச் சரியாகக் கையாளாததால் வருவது என்று வகைப்படுத்தியது. அதாவது காகாவின் பலவீனம் அல்ல. பற்று எழுதவேண்டியது எங்கள் கணக்கில்.

இப்போது நான் ஒரு சின்னக் கிளைக்கு மேலாளர். மேஜை டிராயரில் ஒரு நோட்டு. யார் எத்தனை வாரமாக லீவு எடுக்கவில்லை, யார் டப்பா திறக்கவில்லை, யாருக்கு வழக்கமில்லாமல் தப்பு வருகிறது என்று பென்சிலில் குறிப்பேன். இரண்டு குறி சேர்ந்தால், அவர் கேட்காமலே லீவு, அல்லது கேஷிலிருந்து வேறு மேஜை. தங்கமணி இதை 'சித்ரகுப்தன் நோட்டு' என்பாள். மதியம் கவுண்டரை மூட முடியாது, ஆள் மாற்றி ஆள்தான். ஆள் போதாது. அதனால் ஒன்றரையிலிருந்து இரண்டு வரை கேஷ் கேபினில் நானே உட்காருகிறேன், லோகாண்டே கேட்ட அதே அரை மணி. கை பழக்கம் விட்டுப்போச்சு, கட்டு எண்ண நேரமாகிறது. போன வாரம் ஒரு பாட்டி கண்ணாடி வழியாக உற்றுப் பார்த்துவிட்டு, "புதுசா சேர்ந்தியா பேட்டா?" என்றாள்.