ரோமானிய ஆம்போரா

ஆம்போரா என்பது ரோமானிய உலகில் மது, ஆலிவ் எண்ணெய், மீன்சாறு ஆகியவற்றைக் கப்பலேற்றப் பயன்பட்ட சுடுமண் சாடி. குறுகிய கழுத்தும் அதன் இருபுறம் கைப்பிடிகளும், பெரும்பாலும் கூரிய அடியும் கொண்டது. கப்பலில் அடுக்கும்போது, கீழ்வரிசைச் சாடிகளின் தோள்களுக்கு இடையே மேல்வரிசையின் கூரிய அடி பொருந்தி நிற்கும். சரித்து ஊற்றும்போது அதுவே பிடியாகவும் உதவும். மதுச்சாடிகளின் உட்புறத்தில் பைன் மரக் கீல் பூசப்பட்டது.

கிரேக்கர் முதலியோரிடமிருந்து பெற்ற இந்த வடிவத்தை ரோமானியர் பெருமளவில் வனைந்தனர். கி.மு. 1ஆம் நூற்றாண்டில் தென்பிரான்சின் தூலோன் அருகே மூழ்கிய ஒரு கப்பலில் மட்டும் 6,000க்குக் குறையாத இத்தாலிய மதுச்சாடிகள் இருந்ததாக மதிப்பிடப்படுகிறது. பருவக்காற்றை அறிந்த வணிகர் இவற்றை இந்தியாவுக்கும் கொண்டுவந்தனர். மார்ட்டிமர் வீலர் 1945இல் அரிக்கமேட்டில் நடத்திய அகழாய்வில் ஆம்போரா ஓடுகள் கிடைத்தன. யவனர் (கிரேக்க, ரோமானிய நாட்டவர்) கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் அருந்துவதைப் புறநானூற்றின் 56ஆம் பாடல் பேசுகிறது. அந்த ஓடுகள் அதற்கு மண்ணில் கிடைத்த துணைச்சான்று.

எண்ணெய்ச் சாடிகளின் வரலாறு ரோம் நகரிலேயே ஒரு குன்றாகக் குவிந்து கிடக்கிறது. டைபர் ஆற்றங்கரைக்கு அருகே ஏறத்தாழ 35 மீட்டர் உயர்ந்து நிற்கும் மோந்தே தெஸ்தாச்சோ முழுவதும் உடைந்த ஆம்போராக்களால் ஆனது. பெரும்பாலானவை தென் ஸ்பெயினின் குவாதல்கிவிர் ஆற்றுச் சமவெளியிலிருந்து வந்த, சுமார் 70 லிட்டர் கொள்ளும் உருண்டைச் சாடிகள். எண்ணெய் ஊறிய சாடியில் சிக்கு வாடை ஏறிவிடுவதால் மறுபடி பயன்படுத்தாமல் உடைத்து அடுக்கினர் என்றே கருதப்படுகிறது. நாற்றத்தை அடக்கச் சுண்ணாம்பும் தூவினர்.

இந்தக் குப்பைதான் ரோமானிய வணிகத்தின் மிகச் செறிவான ஆவணக் கிடங்கு. கைப்பிடியில் குத்திய முத்திரை சாடி உருவான சூளையை அடையாளம் காண உதவுகிறது. தோளிலும் கழுத்திலும் மையால் எழுதிய குறிப்புகளில் வெறுஞ்சாடியின் எடை, எண்ணெயின் எடை, வணிகர் பெயர், ஏற்றுமதிச் சோதனைக் குறிப்பு ஆகியவை உள்ளன. சிலவற்றில் ஆண்டும் உண்டு. 1872 முதல் இங்கே ஆராய்ந்த ஹைன்ரிஷ் டிரெசல் வகுத்த வடிவ வரிசை எண்களையே தொல்லியலாளர் இன்றும் கையாள்கின்றனர்; மேற்சொன்ன உருண்டைச் சாடி ‘டிரெசல் 20’.

கி.பி. 3ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குன்றில் சாடி கொட்டுவது நின்றது. கிழக்கு மத்தியதரைக் கடலிலும் வட ஆப்பிரிக்காவிலும் ஆம்போரா மேலும் பல நூற்றாண்டுகள் புழங்கியது. மேற்கில் மதுவுக்கு மரப்பீப்பாய் பரவலாயிற்று. மரம் மட்கிவிடுவதால், அந்தப் பீப்பாய்கள் சென்ற வழிகளைச் சாடிகளின் வழிகளைப் போல எளிதில் கண்டறிய முடிவதில்லை.